சிங்கப்பூர் போய் ‘இவ்வளவுதானா?’ என்று திரும்பாமலிருக்க

திருச்சியிலிருந்து நேரடி விமானத்தில் சுமார் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். ஆனாலும் ஏமாந்து திரும்புகிறவர்கள் உண்டு. பழைய ஆல்பத்தை நம்பிப் போவதுதான் பெரும்பாலும் காரணம். அத்தையும் மாமாவும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்ட செந்தோசாத் தீவு மெர்லயன் (சிங்கத்தலை, மீனுடல் சிலை) 37 மீட்டர் உயரம். 2019 அக்டோபரில் அதை மூடி, பிறகு இடித்துவிட்டார்கள். மரினா பே கரையில் நீர் உமிழும் மெர்லயன் சிலை 8.6 மீட்டர்தான். ஸ்ரீரங்கத்தின் 236 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது சின்னதாகத்தான் தெரியும். இருட்டும் நேரத்தில் போங்கள். எதிர்க்கரை விளக்குகளோடு சேர்ந்து அழகாக இருக்கும்.

ஜூரோங் பறவைப் பூங்காவும் 2023 ஜனவரியோடு மூடியாயிற்று. பறவைகள் இப்போது மண்டாய் பகுதியில்.

ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் விடுமுறைத் தொழிலாளர் கூட்டம் நெரியும். நம் ஊர்ப் பிள்ளைகளைச் சந்திக்க அதுவே நல்ல நாள். நகை வாங்க வேறு நாள் பாருங்கள். சீனிவாசப் பெருமாள் கோயிலை நடுப்பகலில் சாத்திவிடுவார்கள், காலையிலேயே சேவித்துவிடுங்கள்.

விசா தவிர, வருகை அட்டையும் வேண்டும். இறங்குவதற்கு முன், அந்த நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் அரசு இணையதளத்தில் நிரப்புங்கள், இலவசம். பணம் கேட்கும் தளங்களை நம்பாதீர்கள். எம்ஆர்டி ரயிலில் தண்ணீர் குடிப்பதற்கும் அபராதம் உண்டு.