மாற்றுச் சிறுநீரகம் பெற்றோரும் ஈ-வகைக் கல்லீரல் அழற்சியும்

அசுத்தக் குடிநீரால் காமாலை பரவுவதை நம் நாடு நன்கறியும். 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் தில்லி நகரில் ஏறத்தாழ 29,000 பேர் காமாலையுற்றனர். யமுனையில் குடிநீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை நீர் கலந்ததே அதற்குக் காரணம். அது ஏ-வகை வைரஸின் விளைவென்றே அந்நாளில் கருதப்பட்டது. சேமித்து வைத்திருந்த இரத்த நீரை 1980-இல் சோதித்தபோது அது ஏ-வகையன்று எனத் தெளிவாயிற்று. 1983-இல் சோவியத் அறிஞர் பலயான் ஒரு புதிய வைரஸை எலெக்ட்ரான் நுண்பெருக்கியில் கண்டறிந்தார். ஈ-வகை வைரஸ் என்று இன்று வழங்குவது இதுவே.

இந்நோய் கருவுற்ற பெண்களுக்குப் பேரபாயம் விளைவிக்கக்கூடியது. எனினும் மற்றவருள் பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். ஆகவே இவ்வைரஸ் உடலில் நிலைத்துத் தங்குவதில்லை என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2008-இல் இக்கருத்து மாறிற்று. பிரான்ஸ் நாட்டுத் துலூஸ் நகர மருத்துவர்கள், மாற்று உறுப்புப் பெற்றபின் இத்தொற்றுக்கு உள்ளான 14 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் 8 பேரின் உடலைவிட்டு வைரஸ் நீங்கவில்லை.

இதன் காரணம் யாது? பிறர் உறுப்பை உடல் தள்ளிவிடாதிருக்கும் பொருட்டு, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை நோயாளி நாள்தோறும் உட்கொள்கிறார். வைரஸை அழிக்க வேண்டிய இரத்த வெள்ளணுக்களும் இம்மருந்துகளால் தளர்கின்றன. சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தே வைரஸுக்கும் காவலாகிவிடுகிறது. கவனியாது விட்டால் சில ஆண்டுகளுக்குள்ளேயே கல்லீரல் நார் பாய்ந்து இறுகிவிடக்கூடும்.

இந்நோயாளிகளுள் பலருக்குக் கண் மஞ்சளாவதில்லை. சோர்வு மட்டும் இருக்கலாம், அதுவும் இல்லாதிருக்கலாம். இரத்தச் சோதனையில் கல்லீரல் நொதிகள் சற்றே மிகுந்து காணப்படும். இதனை மருந்தின் தீங்கென்று தவறாகக் கொள்ள இடமுண்டு. எதிர்ப்பொருட் சோதனையையும் முழுதும் நம்புவதற்கில்லை. எதிர்ப்பாற்றல் குன்றியவரிடம் எதிர்ப்பொருள் தோன்றாதிருக்கலாம். வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் தேடும் சோதனையே உறுதி தரும்.

மனிதரைத் தாக்கும் இவ்வைரஸில் நான்கு முக்கியப் பிரிவுகள் உள. முதல் இரண்டும் நீர் வழியே மனிதரிடையே பரவுவன. மூன்றாவதும் நான்காவதும் பன்றி, காட்டுப்பன்றி முதலியவற்றில் வாழ்ந்து, சரியாக வேகாத இறைச்சி வழியே மனிதரை அடைவன. உடலில் நிலைத்துவிடும் தொற்று பெரும்பாலும் மூன்றாம் பிரிவினது. நம் நாட்டு மக்களிடம் மிகுதியாகக் காணப்படுவது முதற்பிரிவே. ஆயினும் நம் நாட்டுப் பன்றிகளில் நான்காம் பிரிவு காணப்பட்டுள்ளதால் எச்சரிக்கை தேவை.

சிகிச்சையில் முதற்படி, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தின் அளவை மருத்துவர் குறைப்பதாகும். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதுவே போதுமானது. ஏனையோர்க்கு ரிபாவிரின் என்னும் மருந்து வழங்கப்படும். 2014-இல் வெளியான ஆய்வில், இம்மருந்து பெற்ற 59 பேருள் 78 சதவீதத்தினர் வைரஸினின்று நீங்கினர். இம்மருந்து இரத்தச் சோகையை உண்டாக்கக்கூடுமாதலால் அடிக்கடி இரத்தச் சோதனை அவசியம்.

களப் பணியாளரும் ஆசிரியரும் மக்களுக்கு உணர்த்த வேண்டுவன:

1. மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர் கொதித்தாறிய நீரையே பருகுக.

2. இறைச்சியை, குறிப்பாகப் பன்றி ஈரலை, உட்பகுதியும் நன்கு வேகும்வரை சமைக்குக.

3. காமாலை இல்லையென்று கருதி, குறித்த காலத்து இரத்தச் சோதனையைத் தவிர்க்கலாகாது.

4. மருந்தைத் தாமே குறைப்பதும் நிறுத்துவதும் கூடா. அவ்வாறு செய்யின், கல்லீரலைக் காக்கப் புகுந்து, அரிதிற்பெற்ற சிறுநீரகத்தை இழக்க நேரிடும்.