ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வருதா? முருகர்தான் எழுப்பறாரா?



நம்ம குரூப்ல அடிக்கடி வர்ற கேள்வி இது. "அண்ணா, தினமும் மூணு மணிக்கு முழிப்பு வருது, முருகர் கூப்பிடறாரா?" முன்னாடியெல்லாம் நானும் ஆமான்னுதான் சொல்லிட்டு இருந்தேன். தாராபுரத்துல எங்க அப்புச்சிக்கும் அப்படித்தான் சொன்னேன்.

அவர் ராத்திரி நாலு தடவை எந்திரிப்பார். பாத்ரூம் போவார், ஒரு சொம்பு தண்ணி குடிப்பார், திருநீறு பூசிட்டு உக்காந்துக்குவார். "பழனியாண்டவரு எழுப்பி உடறாரு கண்ணு"ம்பார். நான் பெருமையா ஸ்டேட்டஸ் வெச்சேன். கால்ல ஒரு புண் ஆறவே இல்லைன்னு ஆஸ்பத்திரிக்குப் போனப்பதான் சர்க்கரை 300-க்கு மேலன்னு தெரிஞ்சது. ரத்தத்துல சர்க்கரை அதிகமானா அது சிறுநீர்ல போகும், கூடவே தண்ணியையும் இழுத்துட்டுப் போகும். அதனாலதான் அந்த தாகம், அந்த முழிப்பு. டாக்டர் "எத்தனை மாசமா இப்படி?"ன்னு கேட்டப்ப என்னால நிமிர்ந்து பாக்க முடியல.

பொதுவா நம்ம தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேர சுற்றுகளா ஓடுது. ஒவ்வொரு சுற்று முடியறப்பவும் லேசா முழிப்பு தட்டறது இயல்பு, காலைல ஞாபகமே இருக்காது. பத்து மணிக்குப் படுத்தா மூணு மணிக்கு ஆழ்ந்த தூக்கம் குறைஞ்சு கனவு கூடற நேரம். அப்ப கடன் கவலையோ, பரீட்சை பயமோ இருந்தா முழுசா முழிச்சுக்குவோம். சாயங்காலம் குடிச்ச காபியும் சும்மா விடாது, அதுல இருக்கற கஃபீன் பாதியா குறையவே அஞ்சு மணி நேரம் போல ஆகும். பலமா குறட்டை விட்டு, மூச்சு நின்னு திணறி எந்திரிக்கறவங்களும் உண்டு. அவங்க கட்டாயம் டாக்டரைப் பாக்கணும்.

"மூணு மணி பிரம்ம முகூர்த்தம்தானே?" இல்லீங்க. சூரிய உதயத்துக்கு 96 நிமிஷம் முன்னாடி ஆரம்பிச்சு 48 நிமிஷம்தான் அது. ஆறு மணிக்கு உதயம்னா 4.24 முதல் 5.12 வரை.

அப்ப சாமி கனவுல வரவே மாட்டாரான்னு சண்டைக்கு வராதீங்க. நம்ம காங்கேயம் பக்கம் சிவன்மலைல ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கே. பக்தர் கனவுல சுப்பிரமணியர் சொன்ன பொருளை அந்தக் கண்ணாடிப் பெட்டில வெச்சு பூஜை பண்றாங்க, அடுத்த உத்தரவு வர்ற வரைக்கும். ஆனா கனவு கண்டேன்னு சொன்ன உடனே வெச்சுடறதில்ல. சாமிகிட்ட பூ கேட்டு, வெள்ளைப்பூ வந்தாத்தான் வெப்பாங்க. சாமி சொன்ன கனவையே சரிபாக்கற ஊருங்க நம்மது! நான் அப்புச்சிக்கு ஒரு ரத்த டெஸ்ட் கூட எடுக்கல.

முழிப்பு வந்தா சரவணபவ சொல்லுங்க, தப்பே இல்ல. போனை மட்டும் எடுக்காதீங்க. தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாம எடை குறையறது இதெல்லாம் சேர்ந்து இருந்தா சர்க்கரை டெஸ்ட் எடுத்துப் பாருங்க. வீட்டுப் பெரியவங்களையும் கேளுங்க, அவங்களா சொல்ல மாட்டாங்க.

அப்புச்சி இப்ப மாத்திரை சாப்பிடறார், ராத்திரி ஒரு தடவைதான் எந்திரிக்கறார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போகணுமாம். புண் முழுசா ஆறட்டும்னு நான்தான் பிடிச்சு வெச்சிருக்கேன்.

வேலும் மயிலும் துணை.