பெரம்பலூருக்கு ஒரு கடற்கரைப் பயணம்

விடுமுறை என்றதும் கடற்கரைக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு எழும். மெரினா, பூம்புகார், கன்னியாகுமரி என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். அப்போது நீங்கள், "பெரம்பலூருக்குப் போகலாம்" என்று சொல்லிப் பாருங்கள். எல்லோரும் சிரிப்பார்கள். சோளமும் பருத்தியும் விளையும் வறண்ட பூமியில் கடல் ஏது?

உண்மைதான். இன்று கடல் அங்கிருந்து எண்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஆனால் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், பெரம்பலூருக்குக் கிழக்கே சில மைல் தொலைவில் அலை அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கடலின் சேறும், சிப்பியும், அதில் மிதந்து வந்த மரமும்கூட இன்றும் அங்கே கிடக்கின்றன. பெரம்பலூரில் முகாமிட்டுத் தங்கினால், காலையில் கட்டுச்சோற்றுடன் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பிவிடும்படி அமைந்த இடங்கள் இவை. தாத்தா பாட்டி முதல் தம்பி தங்கை வரை எல்லோரும் பார்க்கலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. அங்கிருந்து கல் எதையும் எடுத்துவரக் கூடாது. குறிப்பேடு நிறைய எழுதி வரவேண்டும். ஏன் என்பது கட்டுரையின் போக்கில் விளங்கும்.

முதலில் ஓர் அளவுகோல்

கோடி ஆண்டு என்று வாயால் சொல்லிவிடலாம், மனத்தில் பதியாது. ஆகவே ஓர் ஆண்டை ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வயது 12 என்றால் அது 12 மில்லிமீட்டர். ஒரு விரற்கடைக்கும் குறைவு. இராசேந்திர சோழன் வாழ்ந்து ஆயிரம் ஆண்டு ஆகிறது. அது ஒரு மீட்டர். 10 கோடி ஆண்டு எவ்வளவு? நூறு கிலோமீட்டர்! ஏறக்குறைய பெரம்பலூரிலிருந்து திருச்சி வழியாகத் தஞ்சாவூர் போகும் தூரம். இந்த அளவுகோலைக் கையில் பிடித்துக்கொண்டு புறப்படுவோம்.

முதல் நாள்: கடல் தொடாத பாறை

பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி ரஞ்சன்குடிக் கோட்டை இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. 1751இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இவ்வட்டாரத்தில் மோதினார்கள். வாலிகொண்டாப் போர் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அகழியும், அடுக்கடுக்கான மதில்களும், மேலே ஏறினால் சுற்றுவட்டாரம் முழுவதும் தெரியும் காட்சியும் குழந்தைகளுக்குக் குதூகலம் தரும்.

நீங்கள் கூடுதலாக ஒன்றைக் கவனியுங்கள். கோட்டை நிற்கும் பாறை மிகக் கடினமானது. அதில் அடுக்கு இல்லை, சிப்பி இல்லை. உற்றுப் பார்த்தால் சிறு சிறு படிகங்கள் மின்னும். பூமியின் ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறை அது. வயது சுமார் 250 கோடி ஆண்டு. நம் அளவுகோலில் 2,500 கிலோமீட்டர்! மேற்கே தெரியும் பச்சைமலையும் இத்தகைய பழைய பாறைகளால் ஆனதே. இதுதான் அந்நாளைய கரை. கடல் இதன் காலடிவரை வந்து நின்றது.

கடல் ஏன் வந்தது? ஒரு காலத்தில் இந்தியா, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒட்டிய ஒரே நிலப்பரப்பாக இருந்தன. இவை பிளந்து விலகத் தொடங்கியபோது நம் கிழக்கு ஓரம் விரிசல்விட்டுத் தாழ்ந்தது. தாழ்ந்த பள்ளத்தில் கடல்நீர் புகுந்தது. அந்தப் பள்ளத்தைத்தான் காவிரிப் படுகை என்கிறார்கள்.

இரண்டாம் நாள்: கடலடிச் சேறும் கல்லான மரமும்

பெரம்பலூர் மாவட்டத்தில் ஆலத்தூர் வட்டத்தைச் சேர்ந்தது காரை என்னும் சிற்றூர். ஊரைத் தாண்டியதும் நிலம் திடீரென மாறுகிறது. செடி கொடி அதிகம் இல்லாத, செம்மையும் பழுப்புமான களிமண் மேடுகள். மழைநீர் அரித்து அரித்து ஆயிரம் ஓடைகளாகக் கீறிவிட்ட நிலம். இது கடலடியில் படிந்த சேறு. வெயிலில் கண்ணாடித் துண்டுபோல் தரையில் பளபளப்பது ஜிப்சம். நகத்தால் கீறிப் பாருங்கள், கோடு விழும். அவ்வளவு மிருதுவான கனிமம் அது.

இங்கே துப்பாக்கித் தோட்டாவைப் போன்ற நீண்ட கற்கள் தென்படும். இவை பெலம்னைட் என்னும் கடற்பிராணியின் உடலுக்குள் இருந்த கெட்டியான பகுதி. மீன்கடையில் விற்கும் கணவாய்க்கு அது தூரத்து உறவு. மற்றோர் உறவு அம்மோனைட். ஆட்டுக்கடாவின் கொம்பைப்போல் சுருண்ட ஓடு உடையது. வீட்டுப் பூசையறையில் சாளக்கிராமம் இருந்தால் அதன் சுருளைக் கவனியுங்கள். நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமங்களில் பல, அம்மோனைட்டின் புதைபடிவங்களே. இமயமலையும் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது என்பதற்கு அது சான்று.

காரையில் நிழல் கிடையாது. மார்கழி, தை மாதங்களில், காலை வேளையில் போவதே நல்லது. தொப்பியும் குடிநீரும் அவசியம். மழை பெய்த மறுநாள் களிமண் வழுக்கும். ஓடை விளிம்பில் ஓடி விளையாடாதீர்கள்.

அங்கிருந்து கிழக்கே சாத்தனூர். வேலியிட்ட பூங்காவுக்குள் ஒரு மரம் படுத்துக் கிடக்கிறது. நீளம் 18 மீட்டர். தொட்டால் கல்! 1940இல் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் இதைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநராகப் பின்னாளில் உயர்ந்தவர் அவர். இன்று இது தேசிய நிலவியல் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. இதன் வயதை அறிஞர்கள் 9 கோடியிலிருந்து 12 கோடி ஆண்டு வரை சொல்கிறார்கள். பூக்கும் தாவரங்கள் உலகெங்கும் ஆட்சி செலுத்தாத காலம் அது. இம்மரம் ஊசியிலை மர இனத்தைச் சேர்ந்தது.

மரம் எப்படிக் கல்லாயிற்று? மேற்கு மேட்டிலிருந்து ஆற்று வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுக் கடலில் சேர்ந்தது. நீரில் ஊறிக் கனத்து அடியில் தங்கியது. மேலே சேறு மூடிவிட்டதால் காற்றுப் படவில்லை, மட்கிப்போகவில்லை. பிறகு மண்ணில் ஊறிய நீர், கரைந்த சிலிகாவைச் சுமந்துகொண்டு மரத்தின் நுண்ணறைகளுக்குள் புகுந்தது. சிலிகா ஒவ்வோர் அறையாக நிரம்பிக் கெட்டியாயிற்று. மரப்பொருள் மெல்ல மறைந்தாலும் அதன் அமைப்பு மறையவில்லை. சர்க்கரைப் பாகில் ஊறிய பழம் நாளடைவில் பாகாகவே இறுகிவிட்டாலும் உருவம் மாறாமல் இருப்பதுபோல!

மூன்றாம் நாள்: வீட்டுச் சுவரில் இருக்கும் சிப்பி

கிழக்கே போகப் போக, பாறையின் வயது குறைகிறது. அரியலூர் வட்டாரத்துப் பாறைகள் சாத்தனூர் மரத்தைவிட இளையவை. அரியலூருக்கு அருகில் உள்ள கல்லங்குறிச்சியில் சுண்ணாம்புக்கல் அடுக்குகள் உள்ளன. அடுக்கு முழுவதும் கிரைஃபியா என்னும் தடித்த சிப்பிகள் நெருக்கமாகக் கிடக்கின்றன. கடற்பிராணிகள் நீரிலிருந்த சுண்ணாம்பைக்கொண்டு ஓடு கட்டின, அவை மடிந்தபின் ஓடுகள் குவிந்தன, குவியல் பாறையாயிற்று.

அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள் இத்தனை இருப்பதற்குக் காரணம் இந்தச் சுண்ணாம்புக்கல்தான். அதனுடன் களிமண் சேர்த்து ஏறக்குறைய 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கிளிங்கர் கட்டிகள் கிடைக்கும். அவற்றுடன் சிறிது ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட். ஜிப்சம் சேர்க்காவிட்டால் கொத்தனார் பூசுவதற்குள் கலவை இறுகிவிடும். ஆக, அரியலூர்ச் சிமெண்டால் கட்டிய வீட்டில் குடியிருப்பவர்கள் பழைய கடற்சிப்பியின் நடுவே வாழ்கிறார்கள் எனலாம்!

சுரங்கப் பள்ளங்களுக்குள் நீங்களாக இறங்காதீர்கள். வெடி வைக்கும் இடங்கள் அவை. கைவிடப்பட்ட பள்ளங்களில் ஆழமாகத் தண்ணீர் தேங்கியிருக்கும். அதற்குப் பதிலாக வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அம்மோனைட், சிப்பி, நத்தை முதலியவற்றைப் பெயரோடும் வரிசையோடும் அங்கே காணலாம்.

இன்னும் கிழக்கே, செந்துறைப் பக்கம் நின்னியூர்ப் பாறைகள் உள்ளன. அவற்றில் அம்மோனைட் இல்லை! அதன் உறவான நாட்டிலஸ் மட்டும் இருக்கிறது. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உலகெங்கும் நேர்ந்த பேரழிவில் அம்மோனைட்டுகளும் டைனோசர்களும் மறைந்தன, நாட்டிலஸ் பிழைத்தது. ஒரு பிராணி எந்த அடுக்கோடு காணாமற்போகிறது என்பதைக் குறித்து வைத்தால்தான் இந்த வரலாறு தெரியும். 1860களில் இப்பகுதியை அளந்து வரைபடம் போட்ட பிளான்ஃபோர்டும், இங்குள்ள படிவங்களைப் பெரு நூல்களாக விவரித்த ஸ்டோலிச்காவும் அந்த வேலையைத்தான் செய்தார்கள்.

முட்டையா? பூதமா?

இனி, கல்லை ஏன் எடுக்கக் கூடாது என்ற கேள்விக்கு வருவோம். இரண்டு நிகழ்ச்சிகளைக் கேளுங்கள்.

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நீர்நிலையைத் தோண்டியபோது பெரிய உருண்டைக் கற்கள் கிடைத்தன. "டைனோசர் முட்டை" என்று செய்தி பரவியது, கூட்டம் கூடியது. நிபுணர்கள் வந்து பார்த்து, அவை முட்டை அல்ல, அம்மோனைட்டைச் சுற்றிப் படிந்து உருண்ட கற்கள் என்று தெளிவாக்கினார்கள். அது கடலில் படிந்த அடுக்கு. டைனோசர் தரையில் முட்டையிடும் பிராணி. கல் கிடந்த இடமே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது அல்லவா?

இரண்டாவது சற்று வருத்தமானது. அரியலூர்ப் பகுதியில் கல்லமேடு என்னுமிடத்தில் மிகப் பெரிய எலும்புகள் கிடைத்தன. நிலவியல் ஆய்வாளர்களான யாதகிரியும் அய்யாசாமியும் 1980களின் இறுதியில் அந்தப் பிராணிக்குப் பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். பேருடல் பல்லி என்று பொருள். கால் எலும்பு ஒன்றின் நீளம் மட்டும் சுமார் 2 மீட்டர்! உலகில் நடமாடிய மிகப் பெரிய பிராணிகளுள் ஒன்றாக அது இருந்திருக்கக்கூடும். ஆனால் அந்த எலும்புகள் மழையிலும் ஈரத்திலும் உதிர்ந்து பொடியாயின. இன்று அவை இல்லை. படங்களும் குறிப்புகளுமே எஞ்சியுள்ளன. எலும்பு கையில் இல்லாததால், அது எலும்பேதானா, கல்மரமா என்றுகூட உலக அறிஞர்களிடையே வாதம் நடந்தது.

முறையாகத் தோண்டியதற்கே இந்த நிலை. நாம் ஒரு சுருள் கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? அது எந்த ஊர், எந்த அடுக்கு, பக்கத்தில் என்ன இருந்தது என்பதெல்லாம் அழிந்துவிடும். மேசைமேல் அது அழகான கல். அதற்கு மேல் ஒன்றுமில்லை. புத்தகத்திலிருந்து கிழித்த ஒற்றைத் தாளைப் போன்றது. புதிதாக ஏதேனும் கண்ணில் பட்டால் அருகில் அளவுக்காக ஒரு பேனாவை வைத்துப் படம் வரையுங்கள், இடத்தைக் குறியுங்கள், ஆசிரியரிடமோ அருங்காட்சியகத்திலோ தெரிவியுங்கள். கண்டுபிடித்தவர் நீங்களே, படிவமும் தன் இடத்தில் பத்திரமாக இருக்கும்.

நான்காம் நாள்: இன்றைய சேறு, நாளைய பாறை

கடைசி நாளில் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்குப் போகலாம். மேட்டூர் நீர் புள்ளம்பாடிக் கால்வாய் வழியாக வந்து நிரம்பும் ஏரி இது. 1999இல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2024இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. குளிர்காலத்தில் இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளைக் காணலாம். கரையோரச் சேற்றில் பறவைகளின் காலடித் தடத்தைப் பாருங்கள். அருகே நத்தை ஓடு பாதி புதைந்து கிடக்கும். புதைபடிவத்தின் முதல் பாடம் இதுதான். இன்னொரு வெள்ளம் இதன்மேல் வண்டலைப் பரப்பி மூடினால், அதன் பயணம் தொடங்கிவிடும்.

மாலையில் கங்கைகொண்ட சோழபுரம். வானளாவிய விமானத்தைக் கண்டு வியந்தபின் காலடி மண்ணையும் பாருங்கள். கோவிலோ கருங்கல்; சுற்றிலும் அத்தகைய பாறை கிடையாது. கல் எல்லாம் வேறிடத்திலிருந்து வந்திருக்கவேண்டும். முதல் நாள் ரஞ்சன்குடியில் பார்த்த பாறைக்கும் இம்மண்ணுக்கும் உள்ள வேறுபாடு இப்போது உங்கள் கண்ணுக்குத் தானே தெரியும். வந்தபோது தெரிந்திருக்காது!

செய்து பாருங்கள்

1. மூன்று கிண்ணங்களில் எலுமிச்சைச் சாறு ஊற்றுங்கள். ஒன்றில் முட்டை ஓடு, ஒன்றில் கிளிஞ்சல், ஒன்றில் கருங்கல் ஜல்லி போடுங்கள். எவற்றில் குமிழி எழுகிறது? அந்த வாயு எது? ஏன் மூன்றாவதில் எழவில்லை?

2. ஈரக் களிமண்ணில் ஒரு கிளிஞ்சலை அழுத்தி எடுங்கள். பள்ளத்தில் பாரிஸ் சாந்து கரைத்து ஊற்றி, இறுகியபின் பிரித்தெடுங்கள். கிளிஞ்சல் இல்லாமலே அதன் உருவம் எப்படிக் கிடைத்தது? சாத்தனூர் மரம் கல்லான முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு என்ன?

3. ஓர் ஆண்டு ஒரு மில்லிமீட்டர் என்ற அளவுகோலில், அம்மோனைட்டுகள் மறைந்து எவ்வளவு தூரம் ஆகிறது? உங்கள் ஊரிலிருந்து அத்தனை தூரத்தில் உள்ள ஊர் எது?

4. உங்கள் ஊரில் கிணறு வெட்டும்போது மேலிருந்து கீழாக என்னென்ன மண் வருகிறது? பெரியவர்களைக் கேட்டு, அடுக்கு வாரியாக வரையுங்கள். உங்கள் ஊரின் முதல் நிலவியல் படம் அதுவாகவே இருக்கலாம்.