பாஸ்வேர்டு திருடு போச்சான்னு பார்க்கப் போய் நீயே கொடுத்துட்டு வராதே!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போற கம்பெனி பஸ்ல ஏறி உட்கார்ந்ததும் வாட்ஸ்அப்ல ஒண்ணு வரும்: "உங்க பாஸ்வேர்டு திருடு போயிருக்கு, உடனே செக் பண்ணுங்க". கீழே ஒரு லிங்க். பதறிப்போய் அதைத் தொட்டு, கேட்ட கட்டத்துல பாஸ்வேர்டை அடிச்சேன்னு வை, அதுவரை போகாதது அப்பத்தான் போகும். செக் பண்ண வேணாம்னு சொல்லலம்மா. பண்ணு, நான் சொல்ற மாதிரி பண்ணு.

1. லிங்க்கைத் தொடாதே. போன்லயே வழி இருக்கு. குரோமைத் திறந்து மூணு புள்ளியைத் தொடு, செட்டிங்ஸ், கூகுள் பாஸ்வேர்டு மேனேஜர், செக்கப். நீ சேவ் பண்ணி வெச்சதுல எது வெளிய வந்திருக்கு, எதை நாலு இடத்துல போட்டிருக்கேன்னு அதுவே சொல்லிடும். ஐபோன்னா பாஸ்வேர்ட்ஸ் ஆப்ல செக்யூரிட்டின்னு இருக்கும். சோழவரத்துல ஆரம்பிச்சா காரனோடை பாலத்துக்குள்ள வேலை முடிஞ்சுது.

2. சேவ் பண்ற பழக்கம் இல்லையா? 'ஹேவ் ஐ பீன் போன்ட்' டாட் காம்னு ஒரு சைட். ஆஸ்திரேலியாக்காரர் ட்ராய் ஹன்ட் 2013ல ஆரம்பிச்சது. கடைசிச் சொல்லுக்கு எழுத்து பி, டபிள்யூ, என், ஈ, டி. நீயே டைப் பண்ணு, ஒரு எழுத்து மாறினாலும் வேற எவன் வீட்டுலயாவது போய் நிப்பே. மெயில் ஐடி மட்டும் போடு, போதும். காசு கிடையாது. பாஸ்வேர்டையே போட்டுப் பார்க்குற பக்கமும் அங்க உண்டு. உன் போன்லயே அதைக் குறியீடா மாத்தி, முதல் 5 எழுத்தை மட்டும்தான் அனுப்பும். இருந்தாலும் இப்ப புழக்கத்துல இருக்கறதை எந்த சைட்லயும் அடிக்காதே. பழக்கம் கெட்டுப் போகும்.

3. அந்த சைட்ல உன் மெயில் ஐடி சிக்கினதா வந்தா அழாதே, என்ன போச்சுன்னு படி. பிக்பாஸ்கெட்ல 2020ல 2 கோடிப் பேருக்கு மேல விவரம் போச்சு, 2021 ஏப்ரல்ல அது இணையத்துல இலவசமாவே கிடைச்சுது. பாஸ்வேர்டும் அதுல இருந்தது, குறியீடா. லேசான பாஸ்வேர்டுன்னா உடைக்க நேரமே ஆகாது. சென்னை ஸ்டார் ஹெல்த் இன்சூரன்ஸ் கதை வேற: 2024ல போன் நம்பர், முகவரி, வைத்திய ரிப்போர்ட்டெல்லாம் டெலிகிராம்ல சுத்துச்சு. இதுக்குப் பாஸ்வேர்டு மாத்தி என்ன பிரயோஜனம்? உன் ஆபரேஷன் விவரத்தைச் சரியா சொல்லி ஒருத்தன் போன் பண்ணினாலும் நம்பாதே, அவ்வளவுதான்.

எதுவுமே வரலைன்னா குஷியாகவும் வேணாம். வெளிய தெரிஞ்ச திருட்டு மட்டும்தான் அங்க இருக்கும்.

4. மாத்தும்போது மெயிலை முதல்ல மாத்து. பாஸ்வேர்டு மறந்துட்டேன்னு எங்க அமுக்கினாலும் பெரும்பாலும் மெயிலுக்குத்தானே வருது? அது ஒருத்தன் கையில இருந்தா மத்ததை மாத்தி லாபமில்லை. அப்புறம் பேங்க். மளிகை ஆப்புக்கும் மெயிலுக்கும் ஒரே பாஸ்வேர்டு வெச்சிருக்கியே, அதுதான் நிஜமான ஓட்டை. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனையும் ஆன் பண்ணிடு.

5. இதை எந்த சைட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லாது. பி.எஃப். பணம் எடுக்க செங்குன்றம் பிரவுசிங் சென்டருக்குப் போறே. அங்க கவுன்ட்டர் நோட்டுல உன் பேர், பி.எஃப். நம்பர் யூஏஎன், பாஸ்வேர்டு மூணும் ஒரே வரியில. அடுத்து வர்றவ தன் பேரை அதுக்குக் கீழயே எழுதுறா! வேலை முடிஞ்சதும் வெளிய வந்து பாஸ்வேர்டை உன் போன்ல மாத்து. ஓடிபி யாருக்கும் வாயால சொல்லாதே, அந்த சென்டர் அண்ணன் எவ்வளவு நல்லவரா இருந்தாலும்.

6. பணமே போயிருந்தா செக் பண்ணிட்டு உட்காராதே. சைபர் மோசடி உதவி எண் 1930க்கு உடனே போன் போடு. சீக்கிரம் சொன்னாத்தான் பணம் கை மாறுறதுக்குள்ள நிறுத்தி வைக்க முடியும்.