மோரில் வாழும் நண்பர்கள்: லாக்டிக் அமில பாக்டீரியாவும் நம் நோய் எதிர்ப்பு சக்தியும்

ஆடி மாதம் அம்மன் கோவில்களில் கூழ் வார்க்கிறோம். தைப்பூசத்தில் பந்தல் போட்டு மோர் கொடுக்கிறோம். இரண்டுமே புளித்த உணவு. "புளிச்சது உடம்புக்கு நல்லது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஏன் நல்லது, எப்போது நல்லது, எப்போது ஆகாது? பொறியியல் மாணவன் என்ற முறையில் நான் படித்துப் புரிந்துகொண்டதை இந்த இதழில் பகிர்கிறேன்.

யார் இவர்கள்?

பாலில் உறை மோர் ஊற்றினால் மறுநாள் காலையில் தயிர். இந்த வேலையைச் செய்வது லாக்டிக் அமில பாக்டீரியா. சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியேற்றும். அந்த அமிலம்தான் புளிப்பு. இட்லி மாவு பொங்குவதற்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்த லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா முக்கிய காரணம். நம் மலாய் நண்பர்கள் டுரியானில் செய்யும் தெம்போயாக்கும் இவற்றின் கைவண்ணமே.

ஆனால் புளிக்க வைக்கும் எல்லாமே புரோபயாடிக் ஆகிவிடாது. 2001-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு மூன்று நிபந்தனைகள் வைத்தது. உயிரோடு இருக்க வேண்டும். போதிய அளவில் இருக்க வேண்டும். உடலுக்கு நன்மை தருவதாக இருக்க வேண்டும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வயிற்றுக்குள் ஒரு சோதனை

நாம் விழுங்கும் பாக்டீரியாவுக்கு முதல் கண்டம் இரைப்பை. வெறும் வயிற்றில் அங்கே பி.எச். அளவு 2-க்குப் பக்கத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் சிறுகுடலில் பித்தநீர்; அது செல்லின் கொழுப்புச் சவ்வையே கரைத்துவிடப் பார்க்கும். அப்புறம் எப்படித்தான் பிழைக்கிறது?

குக்குப் பக்கம் மீன்பிடிப் படகு பார்த்திருப்பீர்கள். உள்ளே தண்ணீர் கசிந்தால் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பாக்டீரியாவும் அதையேதான் செய்கிறது. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் உள்ளே கசியும்போது, சவ்வில் இருக்கும் ஒரு புரத பம்ப் அவற்றை வெளியே தள்ளுகிறது. அதற்குச் செலவாவது ஏ.டி.பி. என்ற எரிசக்தி. எரிசக்தி தீர்ந்தால் படகு மூழ்கிவிடும். இன்னொரு பக்கம், அமிலமோ சூடோ பட்டு உருக்குலையும் புரதங்களைத் தாங்கிப் பிடித்துச் சரியாக மடித்துவிட குரோ-இ.எல்., டி.என்.ஏ.-கே போன்ற உதவிப் புரதங்களை அது கூடுதலாகத் தயாரிக்கிறது. பித்த உப்புகளைச் சிதைக்கும் நொதியும் பல வகைகளிடம் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: முதலில் லேசான அமிலத்தில் பழக்கப்பட்ட பாக்டீரியா, பிறகு கடுமையான அமிலத்தைக் கூடுதலாகத் தாங்குகிறது. சிறிய சோதனை பெரிய சோதனைக்குத் தயார்ப்படுத்துகிறது. விரதம் இருந்து பழகியவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை! தொழிற்சாலைகளில் பாக்டீரியாவை உறைய வைத்து உலர்த்துவதற்கு முன் இந்தக் குணத்தைப் பயன்படுத்திக்கொள்ள முடியும்.

எதிர்ப்பு சக்தியைக் 'கூட்டுகிறதா'?

விளம்பரங்கள் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் எதிர்ப்பு சக்தி என்பது எவ்வளவு கூடினாலும் நல்லது என்ற சமாச்சாரம் இல்லை. அளவுக்கு மீறினால் அதுவே ஒவ்வாமையாகவும் குடல் அழற்சியாகவும் திரும்பும். நமக்கு வேண்டியது சமநிலை.

உடலின் எதிர்ப்பு செல்களில் பெரும் பகுதி குடலைச் சுற்றித்தான் இருக்கிறது. அங்கே வரும் லாக்டிக் அமில பாக்டீரியா பல வேலைகளைச் செய்ய முடியும். அமிலத்தையும் கிருமிக்கொல்லிப் புரதங்களையும் விட்டுத் தீய கிருமிகளை ஒடுக்கும். குடல் சுவர் செல்களுக்கு இடையிலான இணைப்பை இறுக்கமாக்கும். அதன் செல்சுவர்த் துண்டுகளை நம் காவல் செல்கள் தொட்டு அடையாளம் காணும். அதன்பின் இன்டர்லூக்கின்-10 போன்ற அமைதிப்படுத்தும் சமிக்ஞைகள் வெளிவரலாம். எல்லா வகையும் எல்லாவற்றையும் செய்யாது. எந்த வகை, எவ்வளவு என்பதைப் பொறுத்தே பலன்.

ஒடிசாவின் குழந்தைகள்

இது வெறும் ஆய்வுக்கூடக் கதை இல்லை. பிறந்த குழந்தைகளின் இரத்தத்தில் கிருமி பரவுவதை செப்சிஸ் என்கிறோம். ஏழை நாடுகளில் பச்சிளங்குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் முக்கிய காரணங்களில் அது ஒன்று. டாக்டர் பினாகி பாணிகிராகி தலைமையிலான குழு ஒடிசாவின் 149 கிராமங்களில் 4,556 குழந்தைகளிடம் ஆய்வு நடத்தியது. ஒரு பிரிவுக்கு லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் பாக்டீரியாவும் அதற்கு உணவாக ஒருவகை சர்க்கரை நாரும் 7 நாள் கொடுக்கப்பட்டன. மற்றப் பிரிவுக்கு மருந்தில்லாத போலிப் பொடி.

முடிவு 2017-இல் நேச்சர் இதழில் வந்தது. 60 நாளுக்குள் செப்சிஸ் வந்தவர்கள் அல்லது இறந்தவர்கள், போலிப் பொடிப் பிரிவில் 9.0%, பாக்டீரியா பெற்ற பிரிவில் 5.4%. அதாவது நூற்றுக்கு 40 என்ற அளவில் ஆபத்து குறைந்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைத் திட்டமிட்டதற்கு முன்பே நிறுத்தினார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: அவர்கள் எல்லாரும் தாய்ப்பால் குடித்த, 2 கிலோவுக்குக் குறையாத குழந்தைகள்.

பினாங்கில் மன அழுத்தம்

நம் நாட்டிலும் ஆராய்ச்சி உண்டு. பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லியோங் மின் ட்ஸே குழு, பசும்பாலிலிருந்து எடுத்த டி.ஆர்.7 என்ற பிளாண்டாரம் வகையை, மன அழுத்தம் உள்ள 111 பெரியவர்களிடம் 12 வாரம் சோதித்தது. 2019-இல் வந்த அந்த ஆய்வில், டி.ஆர்.7 எடுத்தவர்களுக்கு மன அழுத்தமும் பதற்றமும் குறைந்தன, இரத்தத்தில் கார்டிசால் ஹார்மோன் குறைந்தது, இன்டர்லூக்கின்-10 கூடியது. தேர்வு நேரத்தில் சளியும் காய்ச்சலும் வருவது நமக்குத் தெரியும்தானே. மனமும் குடலும் எதிர்ப்பு சக்தியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஆனாலும் 111 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இதை வைத்து மருந்தை நிறுத்துவதோ ஆலோசகரைப் பார்க்காமல் இருப்பதோ கூடாது.

மறுபக்கமும் உண்டு

நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்குப் புரோபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-இல் வந்த முடிவு அதிர்ச்சி தந்தது. புரோபயாடிக் பெற்றவர்களில் 16% பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 6%. 2023-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் குறைமாதக் குழந்தைகளுக்குப் புரோபயாடிக் கொடுப்பது பற்றி எச்சரித்தது. நல்ல பாக்டீரியாதான்; ஆனால் பலவீனமான உடலில் அதுவும் இரத்தத்துக்குள் நுழைந்துவிடலாம். ஆகவே தொண்டுக்காக மருத்துவமனைக்குப் போகும்போது, "நல்லதுதானே" என்று நோயாளி கையில் தயிரையோ மாத்திரையையோ நீட்டாதீர்கள். மருத்துவரைக் கேளுங்கள். அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

1. இட்லியை ஆவியில் வேக வைக்கும்போது பாக்டீரியா இறந்துவிடும். மாவு புளித்ததால் செரிமானத்துக்கும் சத்துக்கும் நன்மை உண்டு. உயிருள்ள பாக்டீரியா கிடைக்காது.
2. கூழிலும் அப்படியே. கொதிக்கும் கூழில் மோர் ஊற்றினால் வீண். நன்றாக ஆறிய பிறகு ஊற்றுங்கள்.
3. மோரை வெறும் வயிற்றில் குடிப்பதைவிடச் சாப்பாட்டோடு குடித்தால் இரைப்பை அமிலத்தின் கடுமை குறையும். கூடுதல் பாக்டீரியா பிழைக்கும்.
4. பந்தலில் மோரை மூடி வையுங்கள், கொதிக்க வைத்து ஆறிய நீரில் கரையுங்கள், ஐஸ் பெட்டியில் வையுங்கள். நம்ம ஊர் வெயிலில் தீய கிருமியும் வேகமாகப் பெருகும்.
5. கடையில் வாங்கும்போது சர்க்கரை அளவையும், உயிருள்ள பாக்டீரியா இருப்பதாக எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கலந்துரையாட

அ. உயிரோடு, போதிய அளவு, நன்மை: நம் வீட்டு உணவுகளில் எவை இந்த மூன்றுக்கும் பொருந்தும்?
ஆ. ஒடிசா ஆய்வில் ஏன் ஒரு பிரிவுக்குப் போலிப் பொடி கொடுத்தார்கள்?
இ. அடுத்த ஆடிக் கூழுக்கு நம் இளைஞர் பகுதி எந்த ஒரு மாற்றத்தைச் செய்யலாம்?

வாரக் கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள். பெரியவர்கள் சொன்னதைக் காப்பாற்றுவதற்கு நல்ல வழி, அது ஏன் என்று புரிந்துகொள்வதுதான்.