பாகவதர் வேஷம் கட்டிய கலைவாணர்



கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனை நமக்கெல்லாம் தெரியும். பழைய படங்களில் வந்து சிரிக்க வைப்பாரே, அவரேதான். ஆனால் அவர் ‘கிந்தனார்’ என்று ஒரு காலட்சேபம் செய்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அநீதியைச் சாடுகிறவன் நேராகத் திட்டாமல் ஏன் வேஷத்துக்கு மேல் வேஷம் போடுகிறான் என்பதற்கு, தமிழில் இதைவிட நல்ல பாடம் கிடையாது என்பது என் எண்ணம்.

காலட்சேபம் என்றால், பாகவதர் ஒருவரே மேடையில் நின்று, சிப்ளாக்கட்டை தட்டி, பாட்டும் வசனமுமாகக் கதை சொல்வார். ராமனும் அவரே, கூனியும் அவரே. குரல் மாறினால் ஆள் மாறிவிடும். 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இப்படித்தான் ஊர் ஊராகப் பாடப்பட்டது. பண்ணையாள் நந்தன் சிதம்பரம் போய் நடராஜரைத் தரிசிக்க ஆசைப்படுகிறான். ஆண்டை உத்தரவு தர மறுக்கிறார். கடைசியில் தீயில் இறங்கி எழுந்துதான் நந்தன் சந்நிதிக்குப் போக முடிகிறது. கேட்டவர்கள் உருகினார்கள், கும்பிட்டார்கள். வீட்டுக்குப் போனதும் தங்கள் பண்ணையாளை வாசலுக்கு வெளியேதான் நிறுத்தினார்கள்!

என்.எஸ்.கே. கை வைத்தது சரியாக இந்த இடத்தில். நந்தனைக் கிந்தன் ஆக்கினார். சிதம்பரம் சென்னைப் பட்டணம் ஆயிற்று. சாமி தரிசனத்துக்குப் பதில் படிப்பு. சேரிப் பையன் கிந்தன் வாத்தியாரிடம் அடி வாங்குகிறான், ரயிலேறிப் பட்டணம் போய்ப் படிக்கிறான், கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். தீ கிடையாது, அற்புதம் கிடையாது, பரீட்சைதான் உண்டு! 1949-ல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் இதைப் பார்க்கலாம். படத்துக்கு வசனம் அறிஞர் அண்ணா, கிந்தனார் பாட்டு உடுமலை நாராயணகவி.

இதையே மேடை போட்டுப் பிரசங்கமாகச் சொல்லியிருந்தால் பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள். பாகவதர் சொன்னால் போவார்களா? பக்திக் கதை கேட்கிற அதே பவ்யத்தோடு உட்கார்ந்து கேட்பார்கள். அப்புறம் பாகவதர் வாத்தியாராக மாறுகிறார். சேரிப் பையனை அதட்டும் அந்தக் குரல் கேட்கிறவனுக்குப் பழகிய குரல். அவனே வீட்டில் பேசுகிற குரல். முதலில் சிரித்துவிடுகிறான், பிறகுதான் யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்று உறைக்கிறது. 1908-ல் நாகர்கோவில் பக்கம் ஒழுகினசேரியில் பிறந்து, வில்லுப்பாட்டில் பழகி வந்தவருக்கு இப்படிக் குரல் மாற்றுவது கைவந்த கலை.

ரயிலைத் தேர்ந்தெடுத்ததும் சும்மா இல்லை. கோயில் வாசலில் தடுக்கலாம், பள்ளிக்கூடத்தில் தடுக்கலாம். டிக்கெட் வாங்கியவனை ரயில் தடுக்காது. (நம்ம போடிக்கு 1928-ல் ரயில் வந்தது. அதில் யார் யார் முதன்முதலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்களோ!)

மெஷின் டிராயிங் படிக்கிற நமக்கு ஒன்று எளிதில் விளங்கும். வெளித்தோற்றம் வரைந்தால் வார்ப்பு வழுவழுப்பாகத்தான் தெரியும். உள்ளே இருக்கும் பொந்து தெரிய வேண்டுமானால் வெட்டுத் தோற்றம் வரையணும். வேஷம் அந்த வேலையைத்தான் செய்கிறது. தந்தை பெரியார் ‘குடி அரசு’ இதழில் ‘சித்திரபுத்திரன்’ என்ற பெயரில் எழுதினார். எமனுடைய கணக்குப்பிள்ளையை ஞாபகப்படுத்துகிற பெயர்! 1729-ல் அயர்லாந்தில் ஜோனதன் ஸ்விப்ட், ஏழைக் குழந்தைகளைப் பணக்காரர் சாப்பாட்டுக்கு விற்கலாம் என்று ஒரு கனவான் கணக்குப் போட்டுச் சொல்வது போல எழுதினார்.

இப்போது நம்ம பக்கம் வருவோம். கல்லூரி விழாக்களில் மிமிக்ரி என்றால் என்ன செய்கிறார்கள்? ஏலத்தோட்டத்தில் களையெடுக்கிற அம்மா மாதிரி, குரங்கணிக்கு மேலே முதுவாக்குடியிலிருந்து இறங்கி வருகிறவர் மாதிரி இழுத்துப் பேசிக் கைதட்டு வாங்குகிறார்கள். எனக்கு இது பிடிப்பதில்லை. குரல் மாறுகிறது, வாஸ்தவம்தான். அடி விழுவது என்னவோ ஏற்கெனவே அடிபட்டவர் மேல்!

அதே மிமிக்ரி நண்பர் ஒருநாள் கங்காணி குரலில் பேசிப் பார்க்கட்டும். விடியக்காலை போடியில் ஆளை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறுகிற ஜீப். முன்சீட்டில் இருந்தபடி கங்காணி சொல்கிறார்: “நம்ம ஜீப்புல ஆளுக சௌரியமாத்தான் வர்றாங்க. பதினாறு பேரு நெருக்கி உக்காந்தா மலைக் குளிரே தெரியாது பாத்துக்கங்க!”

உடனே குரலை மாற்றிப் பின்னாலிருக்கிற அக்கா கேட்கட்டும்: “அப்ப முன்னால ஒத்தையில உக்காந்து நீங்க ஏண்ணே குளிருல நடுங்குறீக? இங்கிட்டு வந்துருங்க!”