பொழுது தவறும் கணினி

நீர் ஒழுகும் வட்டிலால் நாழிகை அளந்து அரசனுக்கு உரைப்போரை முல்லைப்பாட்டிற் காண்கின்றோம். இந்நாளிற் கணினியின்கண் அத்தொழிலை ஆற்றுவது சிறியதொரு குவார்ட்சுப் படிகமாம். அது நொடிக்கு 32,768 முறை அதிரும். அவ்வதிர்வை எண்ணியே பொறி பொழுதறிகின்றது. மின்சாரம் நின்றவிடத்தும் அவ்வெண்ணிக்கை நில்லாதிருத்தற்பொருட்டுத் தாய்ப்பலகையின்மீது காசு வடிவான மின்கலமொன்று வைக்கப்பட்டிருக்கும்.

இக்கடிகாரம் பிழைபடின் விளையும் இடர் சிறிதன்று. விடுதித் தோழரொருவர் தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாளன்று தம் கணினியைத் திறந்தார். இணையப் பக்கம் ஒன்றேனும் திறக்கவில்லை. இணைப்பிற் குறையில்லை. அப்பக்கங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் கால எல்லை உடையன. கணினியோ பல்லாண்டு பின்சென்ற தேதியைக் காட்டிற்று. ஆதலின் அச்சான்றிதழ்கள் இன்னும் நடைமுறைக்கு வாராதனவாக அதற்குத் தோன்றின. தேதியைக் கையால் திருத்தியபின் பக்கம் திறந்தது, விண்ணப்பமும் சென்றது. மறுநாட் காலையில் மீண்டும் அதே பிழை!

ஈண்டு முதற்கண் ஆராயத்தக்கது பிழையின் இயல்பேயாம். சுவரிலுள்ள விசையை அணைத்து வைத்தபின் மட்டும் பழைய ஆண்டு தோன்றுமாயின், மின்கலம் வலியிழந்தது என்று துணியலாம். விசை அணையாதவிடத்து மேசைக் கணினியின் கடிகாரம் வெளி மின்சாரத்தால் ஓடுதலின் இக்குறை மறைந்து நிற்கும். பலர் மயங்குவது இதனாலேயே. பெரும்பாலும் அக்கலம் சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட்டு வகையினது. மின்வடத்தைக் கழற்றியபின் புதியதை மாற்றிப் பொழுதை மீண்டும் அமைத்து, ஓரிரவு விசையை அணைத்து வைத்துப் பார்க்க. மடிக்கணினி சிலவற்றுள் இத்தனிக்கலம் இல்லை; அவற்றைப் பிரித்தல் பழகியவர் செயல்.

பிழை சரியாக 5 மணி 30 நிமிடமாயின் மின்கலத்தைப் பழித்தல் வீண். விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் வாழுங்கால் இது நிகழும். முன்னது பொறிக்கடிகாரத்தை உள்ளூர் நேரமாகவும், பின்னது உலகப் பொது நேரமாகவும் கொள்ளும். நம் நாட்டில் இவற்றிடை வேற்றுமை அத்துணையே. இரண்டனுள் ஒன்றன் வழக்கத்தை மாற்றினால் அமையும்.

நாடொறும் ஓரிரு நொடி பிறழ்தல் படிகத்திற்கு இயல்பு. வலைவழி நேரம் பெறும் அமைப்பு அதனைத் திருத்திவிடும். பிழை மிகப் பெரிதாயின் அவ்வமைப்புத் திருத்த மறுத்தலும் உண்டு. அவ்வழித் தேதியை முதலிற் கையால் அண்மைப்படுத்தி, பின்னர் அதனை இயக்குக.